சாலையில் காய்ந்த உளுந்து

14

அம்சத்தைத் திட்டி இந்த வாரம் பதினொரு கடிதங்கள் வந்திருக்கின்றன. 'புருஷன் பாடுபட்டு வாங்கிக் கொடுத்த குத்தகையை எழுதிக் கொடுக்கப் போகிறாளே, புத்தி எங்கே போயிற்று இவளுக்கு?' என்று திருச்சி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அம்சத்தின் மனசுக்குள் ஒரு ரகசியம் கிடக்கிறது. அதைக் கேட்டால் அந்த வாசகியே அவள் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்வார்.

புதிதாகச் சேர்ந்துகொண்டவர்களுக்கு நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஹாஜா மைதீன் ராவுத்தரின் அம்பாசிடர் காருக்கு, அம்சத்தின் மகன் தங்கையன்தான் டிரைவர். பதினைந்து நாளுக்கு முன்னால், பங்குனி வெயிலில், ஊர் மதகடியில், உளுந்துச் செடி பரப்பியிருந்த சாலையில் அந்தக் கார் சறுக்கி, முன்னால் போன வில்வண்டியின் பின்பக்கம் மோதியது. வண்டியில் இருந்த மிராசுதார் வைத்தியலிங்கம் தண்ணீரில்லாத வாய்க்காலில் போய் விழுந்தார். அவருக்கு இடது கால் முறிந்தது. மாடுகளுக்கும் வண்டிக்காரனுக்கும் ஒன்றுமில்லை. காரில் இருந்த ஹாஜா மைதீனின் மனைவி கமருன்னிஸாவுக்கும் ஒரு கீறல் கிடையாது.

போலீஸில் தங்கையன், 'பிரேக் போட்டுவிட்டேன், தப்பு என்னுடையது' என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

மிராசுதார் வீட்டிலிருந்து வந்த சேதிதான் சென்ற வாரம் எல்லோரையும் தூங்கவிடாமல் அடித்தது. கேஸும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம். அம்சம் தன் பெயரில் இருக்கிற ஆறு மா குத்தகையை விட்டுக் கொடுத்துவிட்டால் ஒடிந்த காலை மறந்துவிடுகிறோம் என்பது சேதி. இன்று காலை ஒன்பது மணிக்கு அவள் போய்க் கைநாட்டு வைக்க வேண்டும்.

ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். அம்சத்தின் கணவன் மருதையன் மிராசுதாருக்குச் சொந்தமான அந்த வயலில்தான் பண்ணையாளாக ஏர் ஓட்டினான். குத்தகைச் சட்டம் வந்த பிறகு, அதே வயலுக்குக் குத்தகைக்காரன் என்று தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் பெயர் ஏற, பதினாலு தடவை நடந்தான். பெயர் ஏறிய இரண்டாம் வருஷம் கண்ணை மூடினான்.

காலை ஏழு மணிக்கு அம்சம் பழையதைப் பிழிந்து வைத்துக்கொண்டிருந்தாள். மகள் செவ்வந்தி ஆபீஸ் சேலை கட்டி, தலைவாரி, சண்டைக்குத் தயாராக வந்து நின்றாள். மன்னார்குடியில் வக்கீல் வேம்பு ஐயரிடம் மூன்று வருஷமாக டைப்பிஸ்ட். விபத்து வழக்கு மனுக்களை மட்டும் நூறு அடித்திருப்பாள்.

"அம்மா, நேத்து சொன்னதையே திருப்பிச் சொல்றேன். போலீஸ் கேஸ் வேற, நஷ்டஈடு வேற. போலீஸ் கேஸுக்கு அண்ணன் அபராதம் கட்டிட்டு வந்துடும். நஷ்டஈடுன்னா, கார் யாருதோ அவரைத்தான் முதல்ல கேப்பாங்க. வேலைக்கு வச்ச ஆளு வேலையில பண்ணுன தப்பு முதலாளி தலையில. அவரும் இன்ஷூரன்ஸ் கட்டி வச்சிருக்காரு, கம்பெனி குடுத்துடும். இதுல நம்ம வயல் எங்க வருது?"

"ராவுத்தர் காரு போயிடாதா?"

"போவாது."

"உனக்குத் தெரியாது பாப்பா," என்றாள் அம்சம். பதினைந்து நாளாக இந்த ஒரு பதில்தான்.

செவ்வந்தி அண்ணன் பக்கம் திரும்பினாள். தங்கையன் பல்லைத் துலக்குகிற சாக்கில் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நீயாவது சொல்லு. ஆறு வருஷமா இந்த ரோட்டுல ஓட்டுற. உளுந்து மேல போயி யாராச்சும் பிரேக் போடுவாங்களா?"

"போட்டுட்டேன். விடேன்."

செவ்வந்தி கேட்டது சாதாரணக் கேள்வி அல்ல. உளுந்து பறிக்கிற காலத்தில் எங்கள் பக்கத்துத் தார்ச்சாலைகள் எல்லாம் களம்தான். செடியைப் பிடுங்கி வந்து சாலையில் பரப்பிவிட்டால், போகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுத்துவிட்டுப் போகும். சாயங்காலம் கூட்டி அள்ளித் தூற்ற வேண்டியதுதான். அதனால் இந்தப் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு பாடம் மனப்பாடம். செடியைக் கண்டதும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு, ஸ்டியரிங்கை நேராகப் பிடி, பிரேக் பக்கமே போகாதே. போனால் வண்டி பம்பரம்தான். கிளீனர் வேலைக்கு வந்த முதல் நாளிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதைத் தங்கையன் மறந்தான் என்பதை ஊரில் பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை.

இப்போது அம்சத்தின் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். வயலுக்கு வரப்பு இருப்பதுபோல அந்த ஊர்ச் சாலைக்கும் கண்ணுக்குத் தெரியாத வரப்பு உண்டு. இந்த மரத்திலிருந்து அந்தக் கல் வரை இன்னார் வீட்டுக்கு என்று பேச்சு. மதகடி மிராசுதார் பண்ணைக்கு உரியது. அன்றைக்குப் பண்ணை உளுந்து இன்னும் பிடுங்கவில்லை, இடம் சும்மாக் கிடந்தது. அம்சத்தின் இடத்திலோ பக்கத்து வீட்டுக்காரி முந்திக்கொண்டு பரப்பிவிட்டாள். ஒரு நாள்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று அம்சம் தன் செடியை மதகடியில் கொட்டினாள். அதன் மேல்தான் அவள் பெற்ற பிள்ளையே வந்து சறுக்கினான்.

மிராசுதார் காலையும் ஒடித்து, மகன் பெயரையும் கெடுத்து, ராவுத்தர் காரையும் நசுக்கியது தன் உளுந்துதான் என்று அவள் வெளியில் மூச்சு விடவில்லை. உளுந்தை அள்ளப் போகவும் பயம். பிள்ளைகள் கேட்டபோது, 'தம்பி வீட்டுல காயுது' என்று சொல்லிவிட்டாள். வயலைக் கொடுத்தால் பாவம் தீர்ந்துவிடும் என்று அவள் கணக்கு. அழுகையும் வந்தது. அதை அடுப்புப் புகை மேல் போட்டாள்.

ஒன்பது மணிக்கு மூன்று பேரும் மிராசுதார் வீட்டுக்குப் போனார்கள். ஹாஜா மைதீன் பஸ்ஸில் வந்து இறங்கி, ஜிப்பாப் புழுதியைத் தட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. "கார் என்னுது, நான் வராம பின்னே?" என்றார்.

மருதையன் காலத்தில் அந்த வீட்டுக்குக் கொல்லைப்புறமாகத்தான் போக வேண்டும். இன்று மிராசுதாரால் எழுந்து நடக்க முடியாது, பேச்சோ பத்திரப் பேச்சு. ஆகவே கூடத்துக்கே வரச் சொல்லிவிட்டார்கள். முன்வாசல் படியில் அம்சத்தின் கால் ஒரு நிமிஷம் தயங்கியது. செவ்வந்தி அம்மாவின் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், கேட்காமலேயே பெஞ்சில் உட்கார வைத்தாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலை முக்காலியில் நீட்டிச் சாய்வு நாற்காலியில் கிடந்தார் வைத்தியலிங்கம். கரண்ட் இல்லை. பக்கத்தில் காரியஸ்தர் செல்லதுரை முத்திரைத்தாளும் மை டப்பாவுமாக நின்றார்.

"வா அம்சம். வச்சுட்டுப் போ. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி," என்றார் மிராசுதார்.

"ஐயா, ஒரு நிமிஷம்," என்றார் ஹாஜா மைதீன். "கார் என்னுது. டிரைவர் என் ஆளு. அன்னிக்குக் காலையில 'வெரசாப் போயி வெரசா வா'ன்னு சொன்னதும் நான்தான். நீங்க கேக்குறதா இருந்தா என்னைக் கேளுங்க."

"அவரு சொன்னா நான் ஏன் வெரசாப் போகணும்?" என்றான் தங்கையன். "தப்பு என்னுது. அவங்களை விட்டுடுங்க. அம்மாவையும் விட்டுடுங்க."

செல்லதுரை மை டப்பாவைத் திறந்தார். "அவங்கவங்க பேசிக்கிட்டே இருக்கட்டும். நீ கையைக் கொண்டாம்மா."

அம்சம் பெஞ்சிலிருந்து எழுந்தாள். கட்டை விரலை நீட்டுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மிராசுதாரை நேராகப் பார்த்தாள்.

"ஐயா, என் மகன் மேலயும் தப்பு இல்ல, ராவுத்தரு மேலயும் இல்ல. அது என் உளுந்துங்க. பண்ணை எடம்னு தெரிஞ்சேதான் கொட்டினேன். உங்க காலை ஒடிச்சது நானு. கைநாட்டு வைக்குறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடணும்னு தோணுச்சு. சொல்லாம வச்சா அவரு என்னை மன்னிக்க மாட்டாரு."

'அவர்' என்றால் மருதையன்.  தங்கையன் அம்மாவைப் பார்த்த பார்வையில் பயம்தான் அதிகம் இருந்தது. ஏன் என்று செவ்வந்திக்கு அப்போது புரியவில்லை.

மிராசுதார் மெதுவாகச் சொன்னார்: "ஒடிஞ்சது ஒரு கால். அதுக்கு மூணு பேரு பொறுப்பா?"

செல்லதுரைக்கு மட்டும் ஏனோ வியர்த்துக் கொட்டியது. "இந்தம்மா என்னமோ உளறுதுங்க. அது பண்ணை உளுந்து. அன்னிக்குச் சாயங்காலம் நான்தானே ஆள் வச்சு அள்ளினேன், ஒண்ணரை மூட்டை."

"அள்ளி?" என்றார் மிராசுதார்.

"அள்ளி... பண்ணைக்குத்தான்."

உள்ளேயிருந்து மிராசுதாரின் மனைவி குரல் வந்தது. அந்த அம்மாள் வெளியில் வருவதில்லை, ஆனால் ஒரு வார்த்தை தப்பாமல் கேட்டுவிடுவார்.

"எந்தப் பண்ணைக்கு? நம்ம உளுந்து இன்னும் கொல்லையிலதான் நிக்கிது. இட்லிக்கு நான் கடையில வாங்கில்ல போட்டுக்கிட்டிருக்கேன் பத்து நாளா."

செல்லதுரையின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உளுந்து அம்சத்துடையது என்றால் அவர் அடுத்தவள் வீட்டு மூட்டையை அள்ளியவர். பண்ணையுடையது என்றால் எஜமான் வீட்டு மூட்டையை அள்ளியவர். அவர் முத்திரைத்தாளையும் மை டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் உதவிக்கு வரவில்லை.

முதலில் சிரித்தது மிராசுதார்தான். வயிறு குலுங்கியது, நாற்காலி குலுங்கியது, முக்காலியில் இருந்த காலும் குலுங்கியது. "ஐயோ, காலு, காலு," என்று வலியில் முனகிக்கொண்டே சிரித்தார். ஹாஜா மைதீன் துண்டால் வாயைப் பொத்திப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். உள்ளே அந்த அம்மாளும் சிரிப்பது கேட்டது.

சிரிப்பு ஓய்ந்ததும், சமயம் பார்த்து செவ்வந்தி எழுந்தாள்.

"ஐயா, ஒண்ணு சொல்லலாங்களா? ரோட்டுல உளுந்து காயப்போடாத வீடு இந்த ஜில்லாவுல கிடையாது. உளுந்து யாருதுன்னு கம்பெனிக்காரன் கேக்கட்டும், அப்ப எங்கம்மா வந்து சொல்லும். உங்களுக்குக் கால் ஒடிஞ்சது நெசம். வண்டி நொறுங்கினது நெசம். அதுக்குத் தஞ்சாவூர்ல மனு போட்டா இன்ஷூரன்ஸ் கம்பெனி குடுக்கணும். அது உங்களுக்குச் சட்டப்படி வர்றது. இந்தக் காகிதத்துல வர்ற வயலு அப்படி வராது. குத்தகையை மனசார விட்டாங்களான்னு தாசில்தார் கூப்பிட்டு விசாரிப்பாரு. எங்கம்மா அவருகிட்டயும் உண்மையத்தான் சொல்லும்."

"உன்னைத்தான் வேம்பு ஐயர் வச்சிருக்காரா?"

"ஆமாங்க."

"கம்பெனி குடுக்குமா?"

"ராவுத்தர் ஒரு வருஷம்கூட விடாம கட்டியிருக்காரு. நானே பார்த்தேன். குடுக்கும்."

மிராசுதார் யோசித்தார். போன வருஷம் இதே கூடத்தில், செங்கொடிக்காரர்கள் ஒரு பக்கம், ஆளுங்கட்சிக்காரர்கள் ஒரு பக்கம் நிற்க, கூலி பேசித் தோற்றவர் அவர். தோற்பது அவருக்குப் புதிதல்ல. ஆனால் கம்பெனி என்கிற முகமில்லாத ஒருத்தனிடமிருந்து வாங்குவது தோல்வியில் சேராது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். செல்லதுரையின் கையிலிருந்து முத்திரைத்தாளைப் பிடுங்கி, நாலாக மடித்து, விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்.

"சரி. ஐயரை மனு எழுதச் சொல்லு. குடுத்தாச் சரி. குடுக்கலன்னா, இந்தக் காகிதம் எங்கயும் போயிடப்போறதில்ல, விசிறியா இருக்கட்டும்." பிறகு காரியஸ்தர் பக்கம் திரும்பினார். "செல்லதுரை, அம்சம் வீட்டு மூட்டையை இப்பவே கொண்டு போயி எறக்கு. வண்டி கிடையாது. வண்டிதான் நொறுங்கிக் கிடக்கே. சைக்கிள்ல தள்ளிக்கிட்டுப் போ."

அந்த ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்னால் அம்சம் வெறுங்கையோடு, கட்டை விரலில் மை படாமல். பின்னால் சைக்கிளில் ஒண்ணரை மூட்டையைத் தள்ளிக்கொண்டு, வேட்டி தடுக்கத் தடுக்கக் காரியஸ்தர். தெருவில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பதினைந்து நாளுக்குப் பிறகு அம்சம் வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டுக்குள் போனதும் மருதையன் படத்துக்கு முன்னால் நின்று, "வயலு இருக்கு," என்று மட்டும் சொன்னாள். அப்புறம் அழுதாள். இந்தத் தடவை அடுப்பு எரியவில்லை, யாரையும் ஏமாற்றத் தேவையும் இல்லை.

"உளுந்தை ஊறப்போடு பாப்பா, வடை சுடணும்," என்றாள்.

"நான் ஆபீஸ் போவணும்மா."

"நீ போ. நான் போடுறேன். ராவுத்தர் வீட்டுக்கு முதல்ல அனுப்பணும். பாவம், அந்த மனுஷன் கூப்பிடாம வந்து நின்னாரு."

மூன்று மணிக்கு முதல் ஈடு எடுத்தாள். தூக்குவாளி நிறைய அடுக்கித் தங்கையனிடம் கொடுத்தாள். அவன் வாளியை வாங்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லம்மா. நீ அங்க எழுந்து நின்னு சொன்னியே. அதை நெனச்சேன்." பஸ் பிடிக்கப் போய்விட்டான்.

மன்னார்குடியில், வேம்பு ஐயர் ஆபீஸில், செவ்வந்தி உற்சாகமாக இருந்தாள். ஐயர் மிராசுதாரின் மனுவுக்குச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டுவிட்டார். முதலில் நடந்ததைத் தமிழில் ஒரு தாளில் அடித்துக் கொடு, மிராசுதார் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு இங்கிலீஷில் நான் எழுதிக்கொள்கிறேன் என்றார். அண்ணன் பெயரை அவளே 'முதலாம் எதிர்மனுதாரர்' என்று அடித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது ஹாஜா மைதீன். மூன்றாவது கம்பெனி.

ஐந்து மணி இருக்கும். கமருன்னிஸா படியேறி வந்தார். நாற்பத்தைந்து வயது, சிரித்த முகம், கடைத்தெருவில் யாரையும் பேசிக் கவிழ்த்துவிடுவார். கையில் அம்சத்தின் தூக்குவாளி.

"வாங்கம்மா. வாளியை அண்ணன்கிட்டயே குடுத்திருக்கலாமே?"

"உங்கம்மா வடை குடுத்து விட்டாங்க," என்றார் கமருன்னிஸா. "ஒண்ணு எடுத்துக் கடிச்சேன். தொண்டையில எறங்கல செவ்வந்தி."

"உப்பு ஜாஸ்தியா?"

கமருன்னிஸா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்கூட்டுக்காரங்க வந்து சொன்னாங்க. நாலு பேருக்கு முன்னாடி உங்கம்மா எழுந்து, 'என் உளுந்து'ன்னு சொன்னாங்களாமே. வயலே போனாலும் பரவாயில்லன்னு. நெசமா?"

"நெசம்தாம்மா."

"நீ அடிச்சதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டு."

செவ்வந்தி தாளை மெஷினிலிருந்து உருவாமலேயே குனிந்து படித்தாள். "'...மேற்படி கார் மதகை நெருங்கியபோது, ஓட்டுநர் தங்கையன், சாலையில் பரப்பியிருந்த உளுந்துச் செடியின் மேல் திடீரென்று பிரேக் போட்டதால்...'"

"அவன் போடலம்மா."

செவ்வந்தி நிமிர்ந்தாள்.

"'காலை எடுங்கம்மா, பிரேக் போடாதீங்கம்மா'ன்னு அவன் பக்கத்து சீட்டுல இருந்து கத்துறான்," என்றார் கமருன்னிஸா. "எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எதை மிதிக்கக் கூடாதோ அதை மிதிச்சுட்டேன். விழுந்தவரை எல்லாரும் தூக்க ஓடுனப்ப, அவன் என்னைத் தள்ளிவிட்டு ஸ்டியரிங் பக்கம் வந்து உக்காந்துக்கிட்டான். வீட்டுல யாருக்கும் தெரியாது. ஒரு மாசமா எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்துக்கிட்டு இருந்தான்."

உளுந்து மேல் தங்கையன் ஏன் பிரேக் போட்டான் என்கிற கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்துவிட்டது.  லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார் என்று தெரிந்தால் எந்தக் கம்பெனியும் கையை விரித்துவிடும். அப்படி விரித்த பதில் மனுக்களையும் செவ்வந்தி இதே மெஷினில் அடித்திருக்கிறாள். கம்பெனி கொடுக்காவிட்டால், மிராசுதாரின் கையில் இருக்கிற விசிறி மறுபடி பத்திரமாகிவிடும்.

"அம்மா, உங்ககிட்ட லைசென்ஸ்..."

"அதை எடுக்கத்தானே கத்துக்கிட்டேன்." கமருன்னிஸா தூக்குவாளியை மேஜை மேல் வைத்தார். "உங்கம்மா சொன்னதுக்கு அப்புறம் நான் சும்மா இருந்தா அது நல்லா இருக்காது. அவன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடு."

உள்ளறையிலிருந்து வேம்பு ஐயர் குரல் கொடுத்தார். "செவ்வந்தி, அடிச்சாச்சா? கையெழுத்துக்கு எடுத்துண்டு போக மிராசுதார் ஆள் வந்து நிக்கிறான் பாரு."

வாசலில் செல்லதுரை, காலையில் மூட்டை தள்ளிய அதே சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, படியில் கால் வைத்தார்.